நீலகிரியில் குடியேற விரும்புவோருக்கு: ஊட்டி முதல் கூடலூர் வரை, எந்தப் பகுதியில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

நீலகிரியில் வீடு பார்க்க வரும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. நாகப்பட்டினத்தில் பிறந்து, பணியின் பொருட்டு 1996இல் மலையேறிய நான், ஊட்டியில் காந்தலிலும், குன்னூரில் ஓட்டுப்பட்டறையிலும், இப்போது கோத்தகிரிக்கு அருகே அரவேணுவிலும் குடியிருந்து வருகிறேன். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான தகவல் எதுவும் இதில் இல்லை. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் இங்கேயே சமைத்து, துணி உலர்த்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழப்போகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

மலையில் வீடு பார்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வீடு எந்தச் சரிவில் நிற்கிறது, அதன் முதுகில் என்ன இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிகிறதா என்று பார்ப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குன்னூரில் ஓர் ஏப்ரல் மாதத்தில், தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு வீட்டைப் பார்த்த அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும்படி கட்டப்பட்ட வீடு அது. வெயில் காலத்தில் அந்தச் சுவர் தன் குணத்தைக் காட்டவில்லை. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் சுவர் முழுவதும் ஓதம் ஏறி, அலமாரியில் இருந்த பட்டுப்புடவைகளில் பூஞ்சை படர்ந்து, என் மனைவிக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்தோம். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது.

ஆகவே, வீட்டின் பின்பக்கம் சென்று பாருங்கள். சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் இடையே ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்காவது இடைவெளியும், மழைநீர் ஓடிப்போக ஒரு வாய்க்காலும் இருக்க வேண்டும். மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவரில் நீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகள் அடைபட்டிருந்தாலோ, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் ஊட்டி, கேத்தி, குன்னூர்ப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த வாரம் இங்கே இருந்தவர்கள் யாரும் தடுப்புச்சுவரைச் சாதாரணமாகக் கடந்து போவதில்லை.

அடுத்தது வெயில். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கும் கிழக்கும் பார்த்த சரிவுகளில் காலையிலேயே வெயில் விழுந்து வீடு காய்ந்துவிடும். வடக்குச் சரிவில், முதுகுக்குப் பின்னே உயர்ந்த முகடு இருக்கும் வீட்டுக்கு வெயில் பத்து மணிக்கு வந்து இரண்டு மணிக்கே போய்விடும். ஒரே தெருவின் இரண்டு பக்கங்களிலும் இரண்டு தட்பவெப்பம் நிலவுவதை இங்கே கண்ணால் காணலாம்.

மழை எல்லா ஊர்களிலும் ஒரே மாதிரிதானே பெய்கிறது?

இல்லை. மலையின் மேற்குப் பகுதிகளான கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகியவை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் வாங்குகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் தொட்டபெட்டா மலைத்தொடர் அந்த மாதங்களில் மறைப்பாக நின்றுவிடுகிறது. அவற்றுக்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. நடுவில் இருக்கும் ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு. இதனால்தான், ஜூலையில் கூடலூரில் பத்து நாட்கள் துணி காயாமல் கிடக்கும் அதே நேரத்தில் கோத்தகிரியில் இளவெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

ஊட்டி நகருக்குள் வாழ்வது எப்படி இருக்கும்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மாவட்டத் தலைநகரம்; 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 88,430. ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கல்லூரி, பெரிய மார்க்கெட் எல்லாமே இங்கு இருப்பதால், அரசுப் பணியாளர்களுக்கும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு வருபவர்களுக்கும் இதைவிட வசதியான ஊர் மலையில் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் தொடங்கியதும் அந்த வசதியில் பெரும்பகுதி மறைந்துவிடும். சேரிங்கிராஸ், கமர்சியல் சாலை, தாவரவியல் பூங்காவை ஒட்டிய தெருக்கள் ஆகியவற்றில் குடியிருப்பவர்கள் அந்த இரண்டு மாதங்களில் வண்டியை வெளியே எடுப்பதையே விட்டுவிடுகிறார்கள். வாடகையும் இப்பகுதிகளில்தான் அதிகம், ஏனெனில் ஒரு குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதையே உரிமையாளர்கள் விரும்புகிறார்கள்.

காந்தல் வேறு உலகம். நெருக்கமான வீடுகளும், அடுத்தடுத்துக் கோயிலும் மசூதியும் குருசடித் திருத்தலமும், விடியற்காலையிலேயே திறந்துவிடும் டீக்கடைகளும் கொண்ட உழைப்பாளிகளின் பகுதி அது. ஆறு ஆண்டுகள் அங்கே இருந்தோம். என் மகள் பிறந்தபோது பத்தியச் சாப்பாடு மூன்று வீடுகளிலிருந்து முறை வைத்து வந்தது. ஆனால் அது தாழ்வான பகுதி. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்கிவிடும். எனவே காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில்தான் மார்கழியிலும் தையிலும் உறைபனி வெள்ளை விரித்ததுபோல் படியும். அதே இரவில் எல்க்ஹில் மேட்டில் இருப்பவர்களுக்குக் குளிர் சற்றே குறைவாகத்தான் இருக்கும். தாழ்வான பகுதிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பலத்த மழையில் கோடப்பமந்து கால்வாய் நிரம்பிவிட்டால், பேருந்து நிலையம், ரயில்வே பாலம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள சாலைகளில் தண்ணீர் நின்றுவிடும்.

பெர்ன்ஹில்லும் லவ்டேலும் அமைதியானவை. பெரிய மரங்கள், விலகி நிற்கும் வீடுகள். சொந்த வண்டி இல்லாத முதியவர்களுக்கு அந்த அமைதியே தனிமையாகிவிடக்கூடும். பிங்கர்போஸ்ட் பக்கம் அலுவலகங்கள் இடம்பெயர்ந்த பிறகு, ஊருக்கு வெளியே இருந்த அப்பகுதி இப்போது ஊரின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

குன்னூர் ஊட்டியிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது?

குன்னூர் ஊட்டியிலிருந்து 19 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வில், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த 400 மீட்டரில் குளிரின் கூர்மை போய்விடுகிறது. உறைபனி ஊருக்குள் அரிது. முதியவர்களை அழைத்து வருபவர்களுக்கு ஊட்டியைவிடக் குன்னூரையே நான் பரிந்துரைக்கிறேன். ஆனால் இங்கே வாழ்க்கை படிக்கட்டுகளின் மேல் நடக்கிறது. சமதரை என்று சொல்லத் தக்கது பேருந்து நிலையம், ரயில் நிலையம், மார்க்கெட் ஆகியவை இருக்கும் கீழ்க்குன்னூரில்தான் ஓரளவு உண்டு. மற்ற இடங்களில் சாலைக்கு மேலே ஐம்பது படியோ, கீழே எழுபது படியோ ஏறி இறங்கித்தான் வீடுகளை அடைய வேண்டும். எரிவாயு உருளை, அரிசி மூட்டை, நோயாளி என எல்லாமே அந்தப் படிகளின் வழியாகத்தான் வர வேண்டும் என்பதை வீடு பார்க்கும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கையில் ஒரு பையோடு இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள்.

சிம்ஸ் பூங்காவையும் பெட்போர்டையும் சுற்றிய மேல்குன்னூர் அகலமான சாலைகளும் பழைய பங்களாக்களும் கொண்டது, வாடகை அதிகம். ஓட்டுப்பட்டறை போன்ற பகுதிகளில் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஏற்ற வீடுகள் கிடைக்கும்.

குன்னூரின் பெரிய குறை தண்ணீர். ரேலியா அணையை நம்பியே நெடுங்காலம் இருந்த நகரம் இது. கோடையில் குழாய்த் தண்ணீர் பல நாட்களுக்கு ஒருமுறைதான் வரும். எமரால்டிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் எல்லாத் தெருக்களுக்கும் சீராக வருகிறது என்று சொல்ல முடியாது. வீட்டு உரிமையாளரிடம் "தண்ணீர் வருமா?" என்று கேட்காதீர்கள்; வரும் என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஏப்ரலில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது, லாரித் தண்ணீர் வாங்கினீர்களா?" என்று கேளுங்கள். தொட்டியின் அளவை நீங்களே ஏறிப் பாருங்கள்.

வெலிங்டன், அருவங்காடு, கேத்தி ஆகிய இடங்கள்?

வெலிங்டன் ராணுவக் கன்டோன்மென்ட். பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் அங்கே இருப்பதால் சாலைகளும் தூய்மையும் மாவட்டத்திலேயே மேலானவை. வெளியாருக்கு வீடு கிடைப்பது கடினம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த ஊர். ஆலையின் வேலை நேரமே ஊரின் கடிகாரம். கேத்திப் பள்ளத்தாக்கு கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் விளையும் பூமி. ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் குறைந்த வாடகையில் இருக்க விரும்புபவர்களுக்கு நல்ல இடம். 1908இல் ஊட்டி வரை நீட்டிக்கப்பட்ட மலை ரயில் இந்த மூன்று ஊர்களிலும் நின்று செல்கிறது.

கோத்தகிரி ஏன் பலருக்கும் தெரியாமலே இருக்கிறது?

ரயில் போகாததும், ஊட்டியைப் போல் பெரிய சுற்றுலா ஊராக வளராததும்தான் காரணங்கள் என்று நினைக்கிறேன்; அங்கே வாழ்பவர்கள் அதற்காக வருந்துவதில்லை. ஜான் சல்லிவன் நீலகிரியில் தன் முதல் வீட்டைக் கட்டியது ஊட்டியில் அல்ல, கோத்தகிரிக்கு அருகே உள்ள கன்னேரிமுக்கில்தான், ஆண்டு 1819. மிதமான குளிர், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்கள், மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டரில் நேர்ச்சாலை. லாங்வுட் சோலை என்ற 116 ஹெக்டேர் காடு ஊரை ஒட்டியே இருந்து, சுற்றுப்புறக் கிராமங்களுக்குத் தண்ணீர் தருகிறது. 2024இல் அதற்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்தது. சோலை காக்கப்பட்ட இடத்தில் ஊற்று வற்றுவதில்லை என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, குன்னூரிலிருந்து இங்கே மாறி வந்த முதல் கோடையில் தெரிந்துகொண்டேன்.

குறைகளும் உண்டு. பெரிய கல்லூரியோ, பெரிய மருத்துவமனையோ இல்லை. இரவு எட்டு மணிக்குப் பிறகு கிராமங்களுக்குப் பேருந்து அரிது. பர்லியார் வழியிலான குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால் அத்தனை வாகனங்களும் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடப்படும். அன்றைக்குக் கடைவீதியைக் கடப்பதே பெரும்பாடு.

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் குடியேறலாமா?

குளிர் தாங்காதவர்களுக்கு ஏற்ற இடம் அது. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மிளகும் காபியும் பலாவும் விளைகின்றன. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர். வயநாட்டுக்கும் நிலம்பூருக்கும் மைசூருக்கும் வழி பிரியும் இடம் என்பதால், ஊட்டிக்கு 50 கிலோமீட்டர் ஏறுவதைவிடச் சுல்தான் பத்தேரிக்குப் போய் வருவதே பலருக்கும் எளிது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் பலர் இங்குள்ள, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்களில், வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் பேச்சும் சமையலும் இப்பகுதிக்குத் தனி அடையாளம் தந்திருக்கின்றன.

நிலம் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜன்மம் (பரம்பரை நிலவுடைமை) நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் பல பத்தாண்டுகளாக நீடிக்கிறது. அத்தகைய நிலத்தில் வீடு கட்டியவர்கள் மின் இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள்.

மசினகுடியில் மலிவாக நிலம் இருப்பதாகச் சொல்கிறார்களே?

வேண்டாம். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமியில் அறிவிக்கப்பட்ட யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த நிலம் யானைகளுக்குத் தேவை.

கடற்கரை ஊர்களில் வாழ்ந்து பழகியவர்கள் எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்?

இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது. நாகையில் உப்புக்காற்று சன்னல் கம்பியைத் தின்றது. இங்கே ஈரம் சுவரைத் தின்கிறது. அங்கே மாலையில் கடற்காற்றுக்காகக் கதவுகளைத் திறந்து வைப்போம். இங்கே காலை பத்து முதல் மூன்று வரை வெயிலுக்காகத் திறந்து, நான்கு மணிக்கு மூடுபனி ஏறி வருவதற்குள் அடைத்துவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பூஞ்சைத் தொல்லை பாதியாகக் குறையும்.

சமையலறையில் கற்க வேண்டியவை அதிகம். உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறைவதால், ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் திறந்த பாத்திரத்தில் வேகவே வேகாது, குக்கரிலும் கூடுதலாக இரண்டு மூன்று விசில் விட வேண்டும். தோசைமாவு இரவில் கரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மார்கழியில் முதல் நாள் காலையிலேயே அரைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளித் துணி சுற்றி வைத்தால் மறுநாள் இட்லிக்கு ஆகும். தேங்காயெண்ணெய் பாட்டில் வாய் அகலமானதாக இருக்கட்டும், ஆண்டில் பாதி நாள் உறைந்தே இருக்கும். தொடக்கத்தில் மீன்தான் எங்களுக்குப் பெரிய ஏக்கம். கீழேயிருந்து வரும் மீன் உண்டு, ஆனால் கரையில் வாங்கித் தின்ற நாக்கு அதை ஏற்கச் சில ஆண்டுகள் ஆகும்.

குளிருக்கு அறையில் கரி மூட்டலாமா?

மூடிய அறையில் ஒருபோதும் கூடாது. இரும்புச் சட்டியில் கரித் தணலை வைத்துக்கொண்டு, கதவு சன்னல்களை அடைத்துத் தூங்கியவர்கள் நச்சுவாயுவால் மூச்சடைத்து இறந்த செய்தி குளிர்காலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. தூக்கத்தில் அது வருவதை யாராலும் உணர முடியாது. மின்சார ஹீட்டர், கனமான கம்பளி, வெந்நீர்ப் பை ஆகியவை போதும். வீட்டுக்கு வரும் விருந்தினர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

காட்டு விலங்குகளால் ஆபத்து உண்டா?

இடத்துக்கு இடம் மாறும். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் குடியிருப்புகளுக்குள் நடமாடுகின்றன. கூடலூர், பந்தலூர், பர்லியார்ப் பக்கங்களில் யானை. பலாப்பழக் காலத்தில் கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையில் குஞ்சப்பனை அருகே யானைகள் நிற்பது வழக்கம். அந்தி சாய்ந்த பிறகு தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையைத் தவிர்த்துச் சாலையில் டார்ச்சுடன் செல்லுங்கள். மிச்ச உணவை வெளியே கொட்டாதீர்கள். கரடி ஒருமுறை ருசி கண்ட வாசலுக்குத் திரும்பி வரும். காட்டெருமை வழியில் நின்றால் ஹாரன் அடிக்காமல், அருகே சென்று படம் எடுக்காமல், அது போகும்வரை நில்லுங்கள்.

மருத்துவ வசதி போதுமானதா?

முன்பைவிட மிகவும் மேல். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊட்டியில் திறக்கப்பட்டது. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. ஊட்டி மருத்துவமனை வருவதற்கு முன்பு நெஞ்சுவலி வந்தால் கோவைக்குத்தான் ஓட வேண்டியிருந்தது. மலைப்பாதையில் வளைவுகளை எண்ணிக்கொண்டே ஆம்புலன்சில் அப்பாவுடன் இறங்கிய இரவை நான் மறக்கவில்லை. இப்போதும் சில சிறப்புச் சிகிச்சைகளுக்குக் கோவையே வழி. இதய நோயோ, கடுமையான ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஊட்டியின் உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நீலகிரிக்குள் வாகனத்தில் வர வாங்க வேண்டிய இ-பாஸ் குடியிருப்போருக்கும் தேவையா?

நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வாகனங்களுக்குத் தேவையில்லை. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளி வாகனங்களுக்கு அது கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் சீசன் காலத்தில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. வீட்டு விசேஷத்துக்கு உறவினர்களை அழைக்கும்போது பத்திரிகையோடு இதையும் சொல்லி அனுப்புங்கள்.

சொந்தமாக வீடு கட்டலாமா?

முதலில் இரண்டு ஆண்டுகளாவது வாடகைக்கு இருங்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகள் சமவெளியைப் போல் அல்ல. உயரம் ஏழு மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகள் உண்டு, காடு, சரிவு, நீர்வழி ஆகியவற்றைப் பொறுத்து அனுமதி மறுக்கப்படலாம். "அனுமதி பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று தரகர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

உள்ளூர் மக்களோடு பழகுவது எளிதா?

பழகினால் எளிது. படுகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகியோரின் மண் இது; 'மந்து' என்று முடியும் பெயர்கள் தோடர் குடியிருப்புகளைக் குறிப்பவை, 'ஹட்டி' என்பது படுகர் ஊர். ஹட்டிக்குள் வெளியாருக்கு வாடகை வீடு கிடைப்பது நகரத்தைப் போல் எளிதன்று; ஆனால் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அழைக்கப்பட்டால் தவறாமல் செல்லுங்கள், ஊர் முறையைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். இன்னொரு செய்தியையும் மனத்தில் வைக்க வேண்டும்: 2001இல் 7,62,141 ஆக இருந்த மாவட்ட மக்கள்தொகை 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாமல் இங்குள்ள இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் நாம் ஏறி வருகிறோம். வருகிறவர்கள் உள்ளூர்க் கடையில் வாங்குவதும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை தருவதும் முறை.

எந்த மாதத்தில் வந்து வீடு பார்ப்பது நல்லது?

மே மாதத்தில் மட்டும் வராதீர்கள். அப்போது எல்லா வீடுகளும் அழகாக இருக்கும், வாடகையும் உச்சத்தில் இருக்கும். கூடலூர்ப் பக்கம் என்றால் ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி என்றால் நவம்பரிலும், ஊட்டி என்றால் ஜனவரியிலும் வாருங்கள். ஓர் இரவு அதே தெருவில் தங்கி, காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, முதல் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று டீக்கடையில் விசாரித்துவிட்டு, அதன் பிறகு வீட்டின் பின்சுவரில் கையை வைத்துப் பாருங்கள்.